நிக்கோலாசா கொண்டு வந்த தட்டு

போன வாரம் கோயில் முற்றத்தில் நான்கு பெண்கள் நடுவே நின்று ரோசெந்தா அடித்த சவடாலைக் கேள்விப்பட்டீர்களா? "இந்த வருஷம் எங்க வீட்டு ஃபியாம்ப்ரேயைச் சாப்பிட்டுப் பாருங்க. அத்தை கையே திரும்பி வந்த மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சொன்னதைச் செய்து காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது.

இன்று சகல புனிதர் திருநாள். ஹொகோதெனாங்கோ ஊரில் இன்று மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வேலையெல்லாம் முன்பே முடிந்து, ஃபியாம்ப்ரே பெரிய பாத்திரத்தில் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும். ஊறிய காய்கள், வேகவைத்த கோழி, தினுசு தினுசான சாசேஜ், பாலாடைக்கட்டி, முட்டை எல்லாம் பீட்ரூட்டில் சிவந்த புளிப்புச் சாற்றில் கிடக்கும். அதில் என்ன போடலாம் என்பதற்குக் கணக்கே கிடையாது. என்ன போடக்கூடாது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

ரோசெந்தா கரண்டியால் சாற்றை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். புளிப்பு சரி. உப்பு சரி. நிறமும் மாமியார் அம்பாரோ செய்வது போலத்தான் இருந்தது. ஆனால் அம்பாரோவின் சாறு தொண்டையில் இறங்கிய பிறகு ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து ஒன்று வந்து நாக்கைத் தொடும். அது வரவில்லை. மூன்று நாளாகத் தேடுகிறாள். கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பார்த்தாள், பட்டை போட்டுப் பார்த்தாள். வந்தபாடில்லை.

அவள் மேல் மட்டும் தப்பு சொல்ல முடியாது. அவள் பிறந்தது ஹலாபாவில். அங்கே காய் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், சாறு தனிக் கிண்ணத்தில் என்று பிரித்து வைத்துப் பரிமாறுவார்கள். விவாகரத்து ஃபியாம்ப்ரே என்றே அதற்குப் பெயர். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அம்பாரோ அவளை எல்லார் முன்னாலும் கேட்டாள்: "காயையும் கறியையுமே ஒண்ணா வச்சிருக்கத் தெரியாத ஊருலேருந்து வந்திருக்கே. எம் மவன எப்படிம்மா வச்சுக்கப் போறே?" வீடே சிரித்தது. ரோசெந்தாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது.

சாற்றில் கடைசிப் பொருளைச் சேர்க்கும் நேரம் வந்ததும் அம்பாரோ அவளை முள்ளங்கி வாங்கி வரச் சொல்லிச் சந்தைக்கு அனுப்பிவிடுவாள். வருஷா வருஷம் அதேதான். ஈஸ்டர் முடிந்த கையோடு அம்பாரோ போய்ச் சேர்ந்தாள். போகும்போது அந்தக் கடைசிப் பொருளும் கூடவே போய்விட்டது.

கணவன் அபெலார்தோ பஸ் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். அம்மா செத்ததிலிருந்து அவள் உட்காரும் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. விடாததற்குக் காரணமும் சொல்வதில்லை. நேற்று மட்டும் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாது மாதிரி வருமா?" என்று கேட்டான். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான்.

"வரும் வரும். நீங்க பாருங்க" என்றாள் ரோசெந்தா.

* * *

காலையில் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொழுந்தன் எவெலியோவின் மனைவி நிக்கோலாசா நின்றாள். சான் அந்தோனியோவில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே கோயில் தெருமுனையில் கூடையும் கரியடுப்புமாக உட்கார்ந்து சுச்சித்தோ விற்கிறாள். சோளமாவில் கறி பொதிந்து, தோகையில் சுற்றிக் கட்டி அவித்தது. சாயங்காலமானால் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ரோசெந்தா அந்தக் கூட்டத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

அதற்காக ரோசெந்தாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஓரகத்தியை அவள் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பண்டிகைக்குத் துணி எடுத்தால் அவளுக்கும் சேர்த்துத்தான் எடுப்பாள். ஆனால் அவள் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இந்தாம்மா" என்பதோடு சரி.

நிக்கோலாசா சிவப்பும் ஊதாவுமாய்ப் பூ நெய்த துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு மண் தட்டு. தட்டு நிறைய ஃபியாம்ப்ரே.

"இந்த வருஷம்தான் மொத மொத செஞ்சு பாத்தேங்க்கா. உங்களுக்கும் பெரிய மாமாவுக்கும்னு கொண்டு வந்தேன். நீங்க ஒரு வாய் வச்சுப் பாத்து, உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க. அப்பறம் ஒரு சங்கதி சொல்றேன்."

"இப்ப கை வேலையா இருக்கேன். அங்க வச்சிட்டுப் போ. கல்லறைக்கு வருவீங்கல்ல? அப்ப சொல்றேன்."

"சரிக்கா." நிக்கோலாசா தட்டை மேடையில் வைத்தாள். போகாமல் ஒரு நிமிஷம் நின்றாள். ரோசெந்தா முள்ளங்கியைப் பூப்போல நறுக்குவதில் மும்முரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ரோசெந்தா அந்தத் தட்டை எட்டிப் பார்த்தாள். அழகாகத்தான் அடுக்கியிருந்தாள். இருந்தாலும், கரிப்புகையும் தெருப் புழுதியுமாய் நாள் முழுக்கக் கிடக்கிற கை என்ற நினைப்பு முந்திக்கொண்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தாள்.

இந்த நாளில் ஊருக்குள் தட்டுகள் நடந்துகொண்டே இருக்கும். உன் வீட்டு ஃபியாம்ப்ரே என் வீட்டுக்கு, என் வீட்டுது உன் வீட்டுக்கு. வந்த தட்டைக் காலியாக அனுப்பக் கூடாது. அனுப்பினால் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் முடிந்தது என்று அர்த்தம். அதனால் எவ்வளவு பெரிய பாத்திரத்தில் செய்தாலும் சாமியாருக்கு, ஞானத்தாய்க்கு, எதிர்வீட்டுக்கு என்று போய், கடைசியில் வீட்டுக்குப் போதுமானதுதான் மிஞ்சும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுத் தையல்கார ஒத்திலியா வந்தாள். வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பேசிப் பழகியவள். ஊசி இல்லாதபோதும் உதடு பாதிதான் திறக்கும். அம்பாரோவுக்கு இளமையிலிருந்து கூட்டாளி. கையில் அவள் வீட்டுத் தட்டு.

"ரோசெந்தா, இந்தா. காய்தான் நிறைய, கறி கொஞ்சந்தான். கோவிச்சுக்காதே."

"அட, அதனால என்ன. உள்ள வாங்க, இதோ தர்றேன்."

அடுப்படிக்குள் போன ரோசெந்தா பாத்திரத்தைத் திறந்தாள். வீட்டுக்கு வைத்த பங்கில் கை வைக்க மனசில்லை. ஒத்திலியா தனிக்கட்டை, கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். ரோசெந்தாவின் கண் மேடைக்குப் போனது. மண் தட்டிலிருந்ததை அப்படியே தன் வீட்டுப் பூ விளிம்புப் பீங்கான் தட்டுக்கு மாற்றினாள். ஒரு பச்சைப் பட்டாணி உருண்டு கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி ஜன்னல் வழியே கோழிக்குப் போட்டாள். தன் வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒத்திலியா தட்டை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு தொல்லை தீர்ந்தது என்று ரோசெந்தா கையைத் துடைத்துக்கொண்டாள்.

* * *

கல்லறைத் தோட்டம் ஜே ஜே என்றிருந்தது. வானத்தில் பட்டங்கள். கீழே எங்கு பார்த்தாலும் செண்டுமல்லி. அபெலார்தோ அம்மாவின் கல்லறையைக் கழுவ, எவெலியோ சுண்ணாம்பு அடித்தான். நிக்கோலாசா முழங்காலிட்டுப் பூவிதழ்களால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். ரோசெந்தாவைப் பார்த்ததும், சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தாள். ரோசெந்தா பைன் இலைகளைப் பரப்பப் போய்விட்டாள். என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை; நல்லாருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்போது ஒத்திலியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வந்தவள் யாரிடமும் ஒன்றும் பேசாமல் ரோசெந்தாவைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது.

"என்ன ஒத்திலியாம்மா? என்னாச்சு?"

"சாப்பிட்டேன்டி. கொஞ்சம் ருசி பாத்துட்டு வரலாம்னுதான் தொட்டேன். அம்பாரோடி அது. அவளேதான். ஒரு வாய் முழுங்குனேன், அவ பின்னாடி வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு." ஒத்திலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடியில ஒரு துண்டு அத்திப்பழம் கெடச்சுது. அப்பத்தான் புரிஞ்சுது. பாவி, இத்தன வருஷம் எங்கிட்டயும் சொல்லல பாரு. அத்திப்பழப் பாகுடி. வினிகர் சாத்துல அத்திப்பழப் பாகை ஊத்தியிருக்கா."

பூ தூவிக்கொண்டிருந்த நிக்கோலாசாவின் கை நின்றது.

ரோசெந்தா அதைப் பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மூன்று நாளாகத் தேடியது காலையில் அவள் வீட்டுப் பின்கதவைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவள் அதை வாயில் கூட வைக்காமல் வேறு தட்டுக்கு மாற்றி வெளியே அனுப்பியிருக்கிறாள். காலடியில் இருக்கிற மண் இன்னொருத்திக்கும் இடம் கொடுத்தால் தேவலை என்று இருந்தது.

"நீயா செஞ்சே?" என்றான் அபெலார்தோ. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஈஸ்டருக்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை.

இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். கோயில் முற்றத்தில் சவடால் கேட்ட அதே நான்கு பேர். ரோசெந்தாவின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது.

"ஏதோ, அத்தை ஆசீர்வாதம்."

சொன்னது மாமியாரின் கல்லறை மேல் நின்றுகொண்டு. வேறு எங்காவது நின்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை.

நிக்கோலாசா ஒரே ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரோசெந்தாவும் பதிலுக்கு முறைத்துவிட்டுத் தப்பித்திருப்பாள். தெருவில் யாரோ தெரிந்தவர் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு குனிந்து சிலுவையின் மிச்சக் கையை முடித்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அபெலார்தோ பேசிக்கொண்டே வந்தான். அம்மா ஒளித்துவைத்த பாட்டில்களைப் பற்றி, சின்ன வயதில் பாகைத் திருடி நக்கி அடிவாங்கியதைப் பற்றி. ஒரு வருஷத்துக்கான பேச்சை ஒரே தெருவில் பேசித் தீர்த்தான். "நீ ஏன்டா இப்படி இளிக்கிறே?" என்று தம்பியைச் சீண்டினான். ரோசெந்தா தலையை நிமிர்த்தாமல் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சாப்பாட்டு மேசை கிட்டே வந்துகொண்டிருந்தது.

* * *

அண்ணன் தம்பி இருவரும் மனைவிமாருமாக நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ரோசெந்தா பரிமாறினாள்.

அபெலார்தோ ஒரு வாய் எடுத்தான். கண்ணை மூடி மென்றான். விழுங்கிவிட்டுக் காத்திருந்தான். மறுபடியும் ஒரு வாய். அப்புறம் கண்ணைத் திறந்து, முள்கரண்டியால் முட்டையைத் தள்ளி, கீரையைப் புரட்டி, தட்டின் அடியில் தேட ஆரம்பித்தான்.

"எனக்கு அத்திப்பழம் வரலயே."

"தீந்துபோச்சு" என்றாள் ரோசெந்தா. இரண்டாவது பொய் முதல் பொய்யை விடச் சுலபமாக வந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"பாகு ருசியும் காணோம்."

எவெலியோ நிமிர்ந்தான். "அண்ணே, அத்திப்பழம்னா நேத்து நிக்கோ நம்ம வீட்டுல..."

"இந்தாங்க, ரொட்டி எடுத்துக்குங்க" என்று நிக்கோலாசா அவன் தட்டில் ஒரு சோள ரொட்டியை வைத்தாள். பிறகு அபெலார்தோவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "ஒத்திலியாம்மாவுக்கு அத்தைன்னா உசுரு மாமா. அவங்களுக்குன்னு அக்கா தனியா கொஞ்சம் செஞ்சு குடுத்திருப்பாங்க."

யாருக்குத் துரோகம் செய்தாளோ அவளே வந்து குடை பிடிக்கிறாள். ரோசெந்தாவுக்கு அழுகை முட்டியது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெளியே அபெலார்தோவின் குரல் கேட்டது. "தனியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மாவுக்கு வயசாச்சு. மூள கலங்கிருச்சு, பாவம். அத்திப்பழமாம், பாகாம்." சிரிக்க முயன்றான். சிரிப்பு வரவில்லை.

நிக்கோலாசா உப்புக் கிண்ணத்துக்காக உள்ளே வந்தாள். மேடையில் அவளுடைய மண் தட்டு காலியாக இருந்தது. பக்கத்தில் பூ நெய்த துணி. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உப்பு சரியா இருந்துச்சாக்கா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். ஒருவேளை ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறதே என்றுதான் ஒத்திலியாவுக்கு அனுப்பியிருப்பாள் என்று நம்ப இடம் தேடுகிறாள். ரோசெந்தா காலித் தட்டின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"சாப்பிடவே இல்லியா?"

ரோசெந்தா தரையைப் பார்த்தாள்.

"பரவால்ல. அவசரம் உங்களுக்கு" என்றாள் நிக்கோலாசா. "அது அத்தை போட்ட பழம்க்கா. பெரிய நோன்புல பாகுல ஊற ஒரு பாட்டில் போட்டாங்க. அதை எங்கிட்ட வச்சிருந்தாங்க. சாயங்காலம் என் பக்கத்துல ஒக்காந்து தோகை கட்டிக் குடுப்பாங்கல்ல, அப்ப ரொட்டியில தொட்டுத் திம்பாங்க. மிச்சம் இருந்தது ஒரு தட்டுக்குத்தான் வந்துச்சு. எங்களுக்குக்கூட வைக்கல. இன்னைக்கு மாமா வாயில அத்தை ருசி பட்டா நல்லாருக்குமேன்னு நெனச்சேன். அதத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

அம்பாரோ சாயங்காலமானால் ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி இருட்டும் நேரத்தில் வருவாள். எங்கே போய் உட்கார்ந்திருந்தாள் என்பது ரோசெந்தாவுக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்தக் கை செய்ததைத் தின்ன மாமியாரே தெருமுனைக்குப் போயிருக்கிறாள். கடைசிப் பாட்டில். இனி அந்தப் பழம் உலகத்தில் எங்கும் கிடையாது.

"நீ ஏன் காலையிலயே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தப்பைத் தூக்கி அவள் தலையில் வைக்கப் பார்க்கிறோம் என்று தனக்கே தெரிந்தது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

* * *

ஒத்திலியா நின்றாள். கையில் அதே பூ விளிம்புப் பீங்கான் தட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி.

"தட்டைத் திருப்பிக் குடுக்க வந்தேன். காலியா கொண்டுவரக் கூடாதுல்ல" என்று நேராக மேசைக்கு வந்து அபெலார்தோவின் முன்னால் வைத்தாள். துணியை எடுத்தாள். "பாதிதான் சாப்பிட்டேன். மிச்சம் எறங்கல தம்பி. நான் கூட்டாளிதான், நீ மவன். இது உனக்குச் சேர வேண்டியது. ரோசெந்தா எனக்குன்னு அனுப்பிச்சா, சரி, ஆனா எனக்கு மனசு கேக்கல."

அபெலார்தோ தட்டைப் பார்த்தான். தன் முன்னாலிருந்த இன்னொரு தட்டையும் பார்த்தான். பாதி தின்ற அத்திப்பழத் துண்டு ஒன்று சாற்றில் கறுப்பாகப் பளபளத்தது. அவன் கரண்டியை எடுத்தான்.

நிக்கோலாசா மேசைக்குத் திரும்பியிருந்தாள். ரோசெந்தா அடுப்படி வாசலில் நின்றாள். அவன் அதை வாயில் வைத்துவிட்டால் தன்னைப் பார்த்து ஏதாவது சொல்வான். அம்மா திரும்பி வந்துட்டா என்பான். நன்றி என்பான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் சோறு பொங்குவது?

"இருங்க" என்றாள். ஓடி வந்து தட்டின் மேல் கையை வைத்தாள். சாறு விரலில் பட்டது. "இது நான் செஞ்சதில்ல."

"என்ன?"

"இது இவ செஞ்சது. காலையில நமக்குன்னு கொண்டு வந்தா. நான்தான் தட்டை மாத்தி ஒத்திலியாம்மாவுக்குக் குடுத்தேன். கல்லறையில சொன்னது பொய்."

ஒத்திலியாவின் பாதி உதடு முழுசாகத் திறந்துகொண்டது.

"நல்லாருக்குன்னு குடுத்தியா?" என்றான் அபெலார்தோ.

"இல்ல. நான் சாப்பிடல."

"பின்ன ஏன் குடுத்தே?"

அவசரம் என்று சொல்லியிருக்கலாம். நிக்கோலாசாவே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் ரோசெந்தா உண்மையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஒரு தடவை ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெருமுனையில விக்கிற கை. சுத்தமா இருக்குமோ என்னவோன்னு நெனச்சேன். நம்ம வீட்டு மேசையில வைக்க மனசு வரல. ஒத்திலியாம்மாவுக்கு இது போதும்னு நெனச்சேன்."

எவெலியோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஒத்திலியா வெள்ளைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ரோசெந்தா நிக்கோலாசாவைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் தான் செய்தது புரிந்தது. தட்டு கைமாறியது நிக்கோலாசாவுக்குத் தெரியும். காரணம் தெரியாது. அவசரம் என்று நினைத்து, அதைப் பொறுத்துக்கொண்டு, மேசையில் குடையும் பிடித்தாள். இப்போது அவள் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. தன் மனப்பாரத்தை இறக்குகிறேன் என்று ரோசெந்தா அதை எடுத்து அவள் தலைமேல் போட்டுவிட்டாள்.

அபெலார்தோ பீங்கான் தட்டை மெல்ல நகர்த்தினான். தன் பக்கம் இல்லை; மனைவியின் பக்கம்.

"மொதல்ல நீ சாப்பிடு."

"ஏங்க..."

"உன்னத்தானே ருசி பாக்கச் சொன்னா? பாரு."

நின்றபடியே ரோசெந்தா கரண்டியை எடுத்தாள். நான்கு பேர் பார்க்க ஒரு வாய் வைத்தாள். புளிப்பு இறங்கியது, உப்பு இறங்கியது. ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து அது வந்தது. கறுத்த, கனமான இனிப்பு. அம்பாரோ முள்ளங்கி வாங்கி வரச் சொல்லிச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தமே காதில் கேட்டது. கண்ணீர் கன்னத்தில் ஓடியது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

"உப்பு சரியா இருக்கு" என்றாள் நிக்கோலாசாவிடம்.

"சரிக்கா."

நிக்கோலாசா எழுந்தாள். அடுப்படிக்குப் போய்த் தன் மண் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பூத்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வாங்க போலாம்" என்றாள் எவெலியோவிடம்.

"இரு, இரு இந்தாம்மா" என்று ரோசெந்தா பாத்திரத்தருகே ஓடினாள். பெரிய கரண்டி நிறைய அள்ளினாள். கறி, முட்டை, முள்ளங்கிப் பூ, கையில் வந்ததெல்லாம். "தட்டைக் குடு. வெறுந்தட்டோட போவாதே."

நிக்கோலாசா தட்டைக் குப்புறத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டாள். "வேணாம்க்கா. உங்களுக்கே பத்தாது." குரலில் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. அபெலார்தோவைப் பார்த்துத் தலையசைத்தாள். "ஆறுறதுக்கு ஒண்ணும் இல்ல, மெதுவா சாப்பிடுங்க மாமா. அத்தை கைப் பழம்." படியிறங்கித் தெருவுக்குப் போனாள். எவெலியோ அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

தெரு முழுக்க ஜனம். எல்லார் கையிலும் துணி மூடிய தட்டு. இந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு தட்டு காலியாகப் போவதை எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். அவள் பக்கத்தில் நின்றவளின் முழங்கையை இடித்ததையும் ரோசெந்தா பார்த்தாள்.

"கூப்பிடுடி அவள" என்றாள் ஒத்திலியா பின்னாலிருந்து.

ரோசெந்தா கரண்டியோடு வாசலில் நின்றாள். சிவந்த சாறு படிக்கட்டில் சொட்டியது. கூப்பிட வாயெடுத்தாள். இந்தாம்மா என்று நடுத்தெருவில் கூப்பிட்டால் எத்தனையோ பேர் திரும்புவார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் நாக்கு ஒரு தடவைகூடப் புரட்டியதில்லை.

"நிக்கோலாசா."

ஊர் கேட்கக் கூப்பிட்டாள். பேச்சுச் சத்தம் அடங்கியது. தூரத்தில், மண் தட்டைக் கட்டிப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

நின்றாளே தவிர, திரும்பவில்லை.